ஓர் இசைக்குழுவின் பெயர்ப்பதிவேடு



பள்ளியில் முப்பத்தைந்து ஆண்டு பணி புரிந்து, அவற்றுள் பின் பன்னிரண்டு ஆண்டு தலைமையாசிரியனாகவும் இருந்து ஓய்வு பெற்றவன் நான். இன்றும் என் கனவில் வருவது கரும்பலகை அன்று. வருகைப் பதிவேடே வருகின்றது. ஜூன் திங்களில் புதிய பதிவேட்டைப் பிரித்துப் பெயர்களை எழுதுவோம். ஆண்டின் இடையில் ஒருவன் பள்ளியை விட்டு நீங்கினால் அவன் பெயரின்மேல் சிவப்பு மையால் ஒரு கோடு இழுப்போம். உள்ளே எத்தனை பெயர் மாறினாலும் அட்டையின்மேல் எழுதிய பள்ளியின் பெயர் மாறுவதில்லை.

இன்று நான் கூற எடுத்துக்கொண்டதும் அத்தகைய ஒரு பதிவேட்டின் வரலாறே. அது பள்ளியினுடையது அன்று. இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரத்தை அடுத்த பிரெஸ்ட்விச் என்னும் ஊரில் 1976-ஆம் ஆண்டு தோன்றி, 2018-ஆம் ஆண்டு முடிவுற்ற 'தி ஃபால்' என்னும் ராக் இசைக்குழுவினுடையது. அந்நாற்பத்திரண்டு ஆண்டுகளில் அறுபதுக்கும் மேற்பட்டோர் அக்குழுவில் சேர்ந்தனர். தொடக்கம் முதல் முடிவு வரை இருந்தவர் ஒருவரே. அவர் மார்க் ஈ. ஸ்மித் என்பவர், பாடகர், பாடல்களின் சொற்களை எழுதியவர், பிறரைச் சேர்த்தவரும் நீக்கியவரும் அவரே.

அரசர்களைப் பற்றியும் போர்களைப் பற்றியும் பேச வேண்டிய முதியவர் ராக் இசைக்குழுவைப் பற்றிப் பேசுவதா என்று நீங்கள் நகைக்கலாம். அதற்குக் காரணம் உண்டு. ஸ்மித் பிறந்த அதே 1957-ஆம் ஆண்டில் பிறந்தவன் நான். ஆசிரியர் பயிற்சி பெற்ற நாளில் எங்கள் விடுதி அறையில் நண்பர் ஒருவரிடம் சிற்றலை வாங்கும் வானொலிப் பெட்டி ஒன்று இருந்தது. ஓர் இரவு பி.பி.சி. உலக சேவையில் ஜான் பீல் என்பார் நடத்திய இசை நிகழ்ச்சி வந்தது. அதில் ஒரு பாட்டு. அதனைப் பாட்டென்பதா, ஏச்சென்பதா என்று எனக்குத் தெரியவில்லை. சந்தையில் நின்று சரக்கைக் கூவி விற்பவர்போல ஒருவர் சொற்களை வீசிக்கொண்டிருந்தார். அவர் குரலுக்குக் கீழே தடித்த கம்பி வாத்தியம் ஒன்று சில சுரங்களையே சளைக்காமல் திரும்பத் திரும்ப வாசித்தது. நண்பர் பொறுமை இழந்து வேறு நிலையத்திற்குத் திருப்பிவிட்டார். ஆனால் அச்சுரங்கள் என் காதை விட்டுப் போகவில்லை. அவ்வாத்தியத்தின் பெயர் பாஸ் கிதார் என்பதைச் சில நாளில் அறிந்துகொண்டேன். அதனை வாசித்தவர் யார் என்பதை அறிய எனக்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

குழுவின் தோற்றத்தை முதலில் காண்போம். 1976-ஆம் ஆண்டுக் கோடையில் செக்ஸ் பிஸ்டல்ஸ் என்னும் இலண்டன் குழுவினர் மான்செஸ்டருக்கு வந்து வாசித்தனர். கேட்க வந்தோர் தொகை சிறிது. ஆயினும் கேட்டவருள் பலர், 'இவ்வளவுதானா? இதை நாமும் செய்யலாமே!' என்று எண்ணி வீடு திரும்பினர். அவருள் ஸ்மித்தும் அவர் தோழர்களும் இருந்தனர். ஸ்மித் அப்போது துறைமுகத்தில் எழுத்தர். மார்ட்டின் பிரமா கிதாரையும், டோனி ஃபிரியல் பாஸ் கிதாரையும், மனநல மருத்துவமனையில் செவிலியப் பயிற்சி பெற்றுவந்த ஊனா பெய்ன்ஸ் என்னும் பெண் கீபோர்டையும் ஏற்றுக்கொண்டனர். இவர்கள் நால்வரும் தாம் எழுதியவற்றை ஒருவருக்கொருவர் படித்துக்காட்டிப் பழகியவர்கள். பிரெஞ்சு எழுத்தாளர் ஆல்பெர் காம்யு 1956-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒரு புதினத்தின் பெயரையே குழுவுக்கு இட்டனர். அப்பெயருக்கு 'வீழ்ச்சி' என்று பொருள். நன்மங்கலமான பெயர் எனச் சொல்வதற்கில்லை. ஆனால் நாற்பத்திரண்டு ஆண்டு நிலைத்தது.

அவர்களது முதல் நிகழ்ச்சி 1977 மே 23-ஆம் நாள் மான்செஸ்டரில் ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில் நடைபெற்றது. அன்று டிரம்ஸ் வாசித்தவர் அந்நிகழ்ச்சியோடு நின்றுவிட்டார். அவர் இடத்திற்குக் கார்ல் பர்ன்ஸ் என்பவர் வந்தார். முன்னவருடைய பெயர் 'டேவ்' என்பாரும் 'ஸ்டீவ்' என்பாரும் இருந்தனர். உடன் வாசித்தவர்களுக்கே உறுதியாக நினைவில்லை. புகழ்பெற்ற ஒரு குழுவின் முதல் மேடையில் டிரம்ஸ் வாசித்தவர் யார் என்பது முப்பது ஆண்டுகளுக்கு மேல் தெளிவில்லாமல் இருந்ததை எண்ணிப் பாருங்கள்.

இதனைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் தலைமையாசிரியனாக இருந்த ஒரு பள்ளியில் அணிவகுப்பு வாத்தியக் குழு ஒன்று இருந்தது. பெரிய முரசு வாசித்த பையன் காலைப் பயிற்சிக்கு மூன்று நாள் தொடர்ந்து பிந்தி வந்தான். நான்காம் நாள் அவனைக் குழுவினின்று நீக்கி முரசை வேறொருவன் கையில் கொடுத்தேன். சுதந்திர நாள் அணிவகுப்பு நன்றாகவே நடந்தது, பாராட்டும் கிடைத்தது. அவன் பிந்தி வந்ததற்குக் காரணம் என்னவென்று நான் கேட்கவில்லை. இன்று கேட்கலாமென்றால் அவன் பெயர் எனக்கு நினைவில்லை.

இனி இவ்வகைக் குழுக்களை 'இண்டி' என்று அழைப்பதன் காரணத்தைச் சொல்ல வேண்டும். அந்நாளில் இங்கிலாந்தின் இசைத்தட்டு வாணிகம் சில பெரிய நிறுவனங்களின் கையில் இருந்தது. 1977-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் மான்செஸ்டரைச் சேர்ந்த பஸ்காக்ஸ் என்னும் குழு, தானே கடன் வாங்கிப் பணம் திரட்டித் தன் இசைத்தட்டைத் தானே வெளியிட்டது. தட்டு விற்றது. பெருமுதலாளியின் வாயிலில் காத்திராமல் இசைத்தட்டு வெளியிடலாம் என்ற துணிவு அதனால் நாடெங்கும் பரவியது. இவ்வாறு தோன்றிய சிறு நிறுவனங்கள் தன்னுரிமை நிறுவனங்கள் எனப்பட்டன. அவற்றைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் குறுக்கமே 'இண்டி.' தி ஃபால் குழுவின் முதற்பதிவுக்குப் பணம் கொடுத்தவரும் அந்தப் பஸ்காக்ஸ் குழுவின் மேலாளரே. 1977 நவம்பரில் பாடல்களைப் பதிவு செய்தனர். தட்டாக வெளியிட அவரிடம் மேலும் பணம் இல்லை. வேறொரு சிறு நிறுவனத்தின் வழியாக அது வெளிவந்தது 1978 ஆகஸ்டில். அதற்குள் ஃபிரியலும் ஊனா பெய்ன்ஸும் குழுவை விட்டு நீங்கிவிட்டனர். ஆகவே அக்குழுவின் முதல் இசைத்தட்டே, போனவர்கள் வாசித்ததை இருப்பவர்கள் விற்ற தட்டாக அமைந்தது.

அடுத்த ஆண்டும் அப்படியே. முதல் நெடுந்தொகுப்பை 1978 டிசம்பரில் ஒரே நாளில் பதிவு செய்தனர். அது 1979 மார்ச்சில் வெளிவந்தது. அதற்குள் டிரம்ஸ் வாசித்த பர்ன்ஸ் விலகியிருந்தார். வெளிவந்த சிறிது காலத்தில் பிரமாவும் விலகினார். தோன்றி மூன்றாண்டு நிறைவதற்குள் நிறுவியவர் நால்வருள் ஸ்மித் ஒருவரே எஞ்சினார்.

குழு அத்துடன் கலைந்திருந்தால் யாரும் வியந்திருக்க மாட்டார்கள். ஆனால் 1979-ஆம் ஆண்டில் இரண்டு இளைஞர்கள் சேர்ந்தனர். முன்பே குழுவில் இருந்த மார்க் ரைலி என்பவரின் நண்பர்கள் அவர்கள். கிரெய்க் ஸ்கேன்லன் கிதார் வாசித்தார். ஸ்டீவ் ஹேன்லி பாஸ் கிதார் வாசித்தார். அடுத்த ஆண்டு ஹேன்லியின் தம்பி பால், பதினாறு வயதுப் பையன், டிரம்ஸ் வாசிக்க வந்தான். 1981-ஆம் ஆண்டில் குழு அமெரிக்கா சென்றபோது, வயது குறைவென்று அவனுக்கு விசா கிடைக்கவில்லை. ஆகவே பழைய பர்ன்ஸை அழைத்துக்கொண்டு போனார்கள். திரும்பி வந்த பின் பர்ன்ஸை அனுப்பினார்களா? இல்லை, இருவரையும் வைத்துக்கொண்டார்கள். இரட்டை டிரம்ஸ் என்னும் பேரொலி இவ்வாறு ஓர் அலுவலகத்தார் விசா மறுத்ததால் உண்டாயிற்று. அப்பேரொலியைக் கேட்க விரும்புவோர், 1982-ஆம் ஆண்டில் வந்த 'ஹெக்ஸ் எண்டக்‌ஷன் ஹவர்' என்னும் தொகுப்பைக் கேட்கலாம். அதில் ஒரு பகுதி ஐஸ்லாந்தில் பதிவானது. மற்றொரு பகுதி ஹிட்சின் என்னும் ஊரில் மூடிக் கிடந்த ஒரு திரையரங்கில் பதிவானது.

இவர்களுடைய இசையின் இயல்பைச் சிறிது விளக்குகிறேன். ராக் இசைக்குழுக்களில் பெரும்பாலும் கிதார் முன்னே நிற்கும். பாஸ் கிதார் அடியில் மறைந்திருக்கும். தி ஃபால் குழுவில் அம்முறை தலைகீழ். ஹேன்லியின் பாஸ் ஒரு சிறு சுர வரிசையை எடுத்துக்கொண்டு, கிணற்றில் ஏற்றம் இறைப்பவர்போல, ஐந்து நிமிடமானாலும் பத்து நிமிடமானாலும் அதனையே இறைத்துக்கொண்டிருக்கும். கிதார் அதன்மேல் கீறும். டிரம்ஸ் அதனோடு நடக்கும். ஸ்மித் அதன்மேல் ஏறி நின்று பேசுவார். சொன்னதையே சொல்லுதல் குற்றம் என்று மாணவர் கட்டுரைகளில் நான் பலமுறை திருத்தியிருக்கிறேன். இவர்கள் அதனையே கொள்கையாகக் கொண்டு, 'ரெப்பிட்டிஷன்' என்று பெயரிட்டு ஒரு பாட்டும் 1978-இல் வெளியிட்டார்கள்.

நான் விடுதியில் கேட்ட பாஸ் ஹேன்லியினுடையதே. அவர் அக்குழுவில் பத்தொன்பது ஆண்டுகள் இருந்தார். மேடையில் பேசுவதில்லை; பேட்டிகளில் முந்துவதில்லை. வகுப்பில் மூன்றாம் வரிசையில் அமர்ந்து, கேட்டால் மட்டும் விடை சொல்லும் மாணவனைப் போன்றவர். அத்தகைய மாணவர்களை ஆசிரியர்கள் எளிதில் மறந்துவிடுவோம்.

1983-ஆம் ஆண்டில் இரண்டு மாற்றங்கள் நேர்ந்தன. முந்திய ஆண்டின் ஆஸ்திரேலியப் பயணத்தில் ஸ்மித்துக்கும் ரைலிக்கும் கைகலப்பு மூண்டது. அதன் விளைவாக ரைலி நீக்கப்பட்டார். அவர் பின்னாளில் பி.பி.சி. வானொலியிலேயே இசை நிகழ்ச்சி நடத்துநராகிப் பல புதிய குழுக்களை நாட்டுக்கு அறிமுகம் செய்தார். மற்றொரு மாற்றம், அமெரிக்கப் பெண்ணான பிரிக்ஸ் என்பாரின் வருகை. அவர் ஸ்மித்தைச் சிகாகோவில் கண்டார், அவ்வாண்டே மணந்தார், கிதார் வாசிக்கத் தொடங்கினார். அவர் வந்தபின் குழுவின் இசையில் முன்பில்லாத இனிமை ஒன்று புகுந்தது. பாடல்களைப் பொதுமக்களும் முணுமுணுக்கலாயினர். 1985-ஆம் ஆண்டில் ஹேன்லி, தமக்குக் குழந்தை பிறந்ததை முன்னிட்டுச் சில திங்கள் விடுப்பில் இருந்தார். அவர் இடத்தில் சைமன் ராஜர்ஸ் என்னும் முறையாகப் பயின்ற இசைஞர் வாசித்தார். ஹேன்லி திரும்பியதும் ராஜர்ஸ் பாஸ் கிதாரை ஒப்படைத்துவிட்டு வேறு வாத்தியங்களுக்கு மாறிக்கொண்டார். அக்குழுவின் வரலாற்றில் இவ்வளவு அமைதியாக நடந்த மாற்றம் அரிதாதலின் இதனைக் குறிப்பிட்டேன். 1988-இல் மைக்கேல் கிளார்க் என்னும் நடனக் கலைஞருடன் சேர்ந்து, மூன்றாம் வில்லியம் இங்கிலாந்தின் அரசுரிமை பெற்ற முந்நூறாம் ஆண்டினையொட்டி ஒரு பாலே நாட்டிய நாடகத்தையும் மேடையேற்றினர்.

மணமுறிவுக்குப் பின் 1989-இல் பிரிக்ஸ் விலகினார். பிரமா திரும்பி வந்து மீண்டும் நீக்கப்பட்டார். பிரிக்ஸும் சில ஆண்டுக்குப் பின் திரும்பி வந்து மீண்டும் சென்றார். பர்ன்ஸ் எத்தனை முறை வந்தார், எத்தனை முறை போனார் என்று எண்ணுவதை நான் விட்டுவிட்டேன். 1993-ஆம் ஆண்டில் இவர்களது தொகுப்பொன்று பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் ஒன்பதாம் இடம் வரை ஏறியது. அதன்பின் சில ஆண்டுகளில், பதினாறு ஆண்டு உழைத்த ஸ்கேன்லனும் நீக்கப்பட்டார்.

தம் குழுவைக் கால்பந்தாட்டக் குழுவோடு ஒப்பிடுவது ஸ்மித்தின் வழக்கம். ஆட்டக்காரரை மாற்றுவது மேலாளரின் கடமை என்பது அவர் கட்சி. தாமும் யாரோ ஒருவருடைய பாட்டியும் மட்டுமே மேளம் தட்டிக்கொண்டு நின்றாலும் அது தி ஃபால்தான் என்னும் கருத்துப்படவும் அவர் பேசியதுண்டு. வாசிப்பில் மிகுந்த தேர்ச்சி வந்துவிட்டால் உயிர் போய்விடும் என்று அவர் நம்பினார். நிகழ்ச்சியின் நடுவே பிறர் வாத்தியங்களின் ஒலிபெருக்கிக் குமிழ்களைத் திருகி விடுவார். வாசிப்பவர் திடுக்கிடுவார், அத்திடுக்கீடே இசைக்கு வேண்டும் என்பது அவர் எண்ணம். இக்கொள்கையில் பயனே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். முப்பதுக்கும் மேற்பட்ட தொகுப்புகளை ஒருவர் சலிப்பின்றி வெளியிட்டதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் கால்பந்தாட்ட மேலாளர் ஆட்டத்தின் நடுவில் தம் ஆட்டக்காரரின் காலைத் தட்டிவிடுவதில்லை.

ஸ்மித்தின் குடிப்பழக்கமும் கடுமையும் ஆண்டுதோறும் வளர்ந்தன. 1998 ஏப்ரலில் நியூயார்க் நகரத்தில் ஒரு சிறிய அரங்கில், கேட்போர் கண்முன்னரே மேடையில் சண்டை மூண்டது. பின்னர் விடுதியில் நிகழ்ந்த பூசலில் ஸ்மித் கைது செய்யப்பட்டார். ஹேன்லியும் பர்ன்ஸும் அந்நாளைய கிதார் கலைஞரும் விமானம் ஏறி ஊர் திரும்பினர். பத்தொன்பது ஆண்டுப் பணி அவ்வாறு முடிந்தது. பிரிவுபசாரக் கூட்டமில்லை, மாலையில்லை, நினைவுப் பரிசுமில்லை.

குழு முடிந்ததென்றே பலரும் எண்ணினர். ஆனால் சில திங்களில் ஸ்மித் புதியவர்களைத் திரட்டினார். அடுத்த ஆண்டே புதுத் தொகுப்பு வந்தது. 2006-ஆம் ஆண்டிலும் இவ்வாறே நேர்ந்தது. அமெரிக்கப் பயணத்தின் நடுவில் மூவர் ஒருங்கே விலகினர். ஸ்மித்தும், அவர் மனைவியும் கீபோர்டுக் கலைஞருமான எலெனி பூலூவும் மட்டும் எஞ்சினர். அமெரிக்க இளைஞர் சிலரை உடனே சேர்த்துக்கொண்டு பயணத்தைத் தொடர்ந்து, அவர்களுடன் ஒரு தொகுப்பும் பதிவு செய்தனர்.

இந்த இடத்தில் ஜான் பீலைப் பற்றிச் சொல்லாமல் இருக்க இயலாது. வானொலியில் பேசுகிறவனுக்கு அது கடமையும் ஆகும். பி.பி.சி.யில் அவர் நிகழ்ச்சிக்கென்று தி ஃபால் குழு 1978 முதல் 2004 வரை இருபத்துநான்கு முறை பாடல்களைப் பதிவு செய்தது. எப்போதும் வேறாக இருப்பவர்கள், எப்போதும் ஒன்றாகவே இருப்பவர்கள் என்று அவர் அக்குழுவைப் பற்றிக் கூறியதை இன்றும் எடுத்துக் கூறுவர். பீல் 2004 அக்டோபரில் பெரு நாட்டில் காலமானார். மறு ஆண்டு அவ்விருபத்துநான்கு பதிவுகளும் ஒரே தொகுதியாக வெளிவந்தன. என் மகன் அதனை எனக்கு வாங்கிக் கொடுத்தபோது நான் பாட்டுகளை விட அட்டையில் உள்ள பெயர்களையே முதலில் படித்தேன். ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு பெயர்ப்பட்டியல். வருகைப் பதிவேடேதான்! ஒவ்வோர் ஆண்டாகப் பெயர்கள் வருகின்றன, மறைகின்றன. 1979-க்குப் பின் பத்தொன்பது ஆண்டு பெரும்பாலும் மாறாமல் வரும் பெயர் இரண்டு: ஸ்மித், ஹேன்லி. அன்று விடுதியில் கேட்ட சுரங்களுக்கு உரியவரை அப்பட்டியலில்தான் கண்டுகொண்டேன்.

பாதி உண்மை ஸ்மித்திடம் உண்டு. அவர் குரல் இல்லாத தி ஃபாலை யாரும் தி ஃபால் என்று கொள்ள மாட்டார்கள். ஆனால் 1979-க்கும் 1998-க்கும் இடைப்பட்ட தொகுப்புகளைக் கேட்டபின் அவருக்கு அடுத்து வந்தவற்றைக் கேளுங்கள். குரல் அதுவே; சொல்வன்மை அதுவே; தரையைக் காணோம்! என் காது அப்படிச் சொல்கிறது. 2006-ஐ ஒட்டிச் சேர்ந்த பீட்டர் கிரீன்வே, டேவிட் ஸ்பர், கீரன் மெல்லிங் என்னும் மூவர் பத்தாண்டுக்கு மேல் நிலைத்து நின்று, 2008 முதல் 2017 வரை ஆறு தொகுப்புகளில் வாசித்தனர். அவர்களுடைய வாசிப்பில் அத்தரை ஓரளவு மீண்டும் கிடைத்தது என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். ஆட்களை மாற்றியதால் அன்று, மாற்றாமல் விட்டதால் கிடைத்தது அது.

டேவ் சிம்ப்சன் என்னும் பத்திரிகையாளர், விலகியவர்களை ஒருவர் ஒருவராகத் தேடிச் சென்று பேசி, 2008-இல் ஒரு நூல் எழுதினார். அத்தேடலில் ஹேன்லியையும் கண்டார். நூற்றுக்கணக்கான மேடைகளைக் கண்ட அப்பெருங்கலைஞர் அப்போது ஒரு பள்ளியில் கட்டடப் பராமரிப்பாளராக வேலை பார்த்துவந்தார். என் வாழ்நாளில் எத்தனையோ காலைகளில் பள்ளிக் கதவைத் திறந்து, சாவிக் கொத்தை என் மேசைமேல் வைத்துவிட்டுப் போன மனிதர்களை நான் அறிவேன். அவர்களுள் ஒருவரிடமாவது, 'ஐயா, இங்கு வருமுன் நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?' என்று கேட்டதில்லை. ஹேன்லி பின்னர்த் தம் கதையைத் தாமே நூலாக எழுதி 2014-இல் வெளியிட்டார்.

ஸ்மித் தம் கடைசி நிகழ்ச்சியை 2017 நவம்பர் 4-ஆம் நாள் கிளாஸ்கோ நகரத்தில் நடத்தினார். நோய் முற்றியிருந்தது; சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே பாடினார். 2018 ஜனவரி 24-ஆம் நாள் அறுபதாம் வயதில் காலமானார். அன்றே குழுவும் முடிந்தது.

ஆனால் பதிவேடு மூடப்படவில்லை. 2022-ஆம் ஆண்டில் பிரமா பழையவர்களை அழைத்தார். ஹேன்லி உடன்பிறந்தார் இருவரும் வந்தனர். 1986 முதல் 1997 வரை டிரம்ஸ் வாசித்த சைமன் வுல்ஸ்டன்கிராஃப்ட் வந்தார். கடைசி அணியிலிருந்து கிரீன்வே வந்தார். அவர் மற்ற நால்வருடன் தி ஃபாலில் ஒரு நாளும் சேர்ந்து வாசித்தவர் அல்லர். ஒரே பள்ளியில் வெவ்வேறு ஆண்டுகளில் படித்து வெளியேறிய ஐவர் ஒன்றுகூடியதுபோல் இருந்தது அது. 'ஹவுஸ் ஆஃப் ஆல்' என்று பெயரிட்டு 2023-இல் ஒரு தொகுப்பை வெளியிட்டனர். ஸ்மித்தின் குடும்பத்தார் இதனை விரும்பவில்லை. அவ்விருப்பமின்மையை வெளிப்படையாகவே அறிவித்தனர். இவர்களும் தங்களைத் தி ஃபால் என்று சொல்லிக்கொள்ளவில்லை.

அத்தொகுப்பை நான் கேட்டேன். இரண்டு டிரம்ஸ் சேர்ந்து நடக்கின்றன. குரல் பிரமாவினுடையது, ஸ்மித்தினுடையது அன்று. அடியில் ஒரு பாஸ் கிதார், சில சுரங்களை எடுத்துக்கொண்டு, திரும்பத் திரும்ப இறைக்கின்றது.